எரியாத காலுக்குத்தான் பயப்பட வேண்டும்

"கால் எரியுதுங்க" என்று சொல்லிக்கொண்டு யாராவது திண்ணையில் வந்து உட்கார்ந்தால் எனக்கு அவ்வளவாகக் கவலை வருவதில்லை. "முன்னெல்லாம் எரியும் ஐயா, இப்ப ஒண்ணுமே தெரியல, தானா நின்னுபோச்சு" என்று சந்தோஷமாகச் சொல்கிறவரைப் பார்த்தால்தான் வயிற்றைக் கலக்குகிறது. பல சமயம் அவருடைய நரம்பு குணமாகியிருக்காது. கத்திக் கத்திப் பார்த்து ஓய்ந்து போயிருக்கும்.

எனக்குச் சர்க்கரை வந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. காலில் அதன் வேலை தொடங்கி ஒன்பது வருடம். புதுச்சேரியில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்று, மகள் இங்கே உண்டு உறைவிடப் பள்ளியில் ஆசிரியை என்பதால் ஜமுனாமரத்தூருக்கு வந்து சேர்ந்தவன் நான் என்பது இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்குத் தெரியும். நான் டாக்டர் இல்லை. ஆனால் ஒன்பது வருடம் ஒரு கோப்பைத் தினமும் புரட்டினால் குமாஸ்தாவுக்கும் அதில் கொஞ்சம் பிடிபடும் அல்லவா?

முதலில் வந்தது எறும்பு. இல்லாத எறும்பு. ராத்திரி படுத்தால் விரல் நுனியில் ஊரும். தட்டிவிட்டுப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. பிரெஞ்சு மீடியத்தில் படித்தவனாதலால் எனக்கு உடனே ஞாபகம் வந்த சொல் 'ஃபூர்மியமான்'. பிரெஞ்சில் 'ஃபூர்மி' என்றால் எறும்பு; அதிலிருந்து வந்ததுதான் இந்தச் சொல். வெள்ளைக்காரன் காலிலும் எறும்புதான் ஊர்ந்திருக்கிறது என்று ஒரு சின்ன ஆறுதல். அதன் பிறகு மிளகாய் அரைத்துப் பூசியது போல எரிச்சல், திடீரென்று சுளீர் என்று ஒரு குத்தல், பஞ்சு மெத்தையில் நடப்பது போல ஒரு மதமதப்பு. போர்வை பட்டால்கூட வலி. வலியும் மரத்துப் போவதும் ஒரே காலில் ஒரே நேரத்தில் எப்படி இருக்க முடியும் என்று வீட்டில் கேட்டார்கள். இருக்க முடியும். கெட்டுப் போன நரம்பு வெளியிலிருந்து வரும் சேதியைத் தவற விடும். இல்லாத சேதியைத் தானே அனுப்பும்.

ஏன் காலில் ஆரம்பிக்கிறது? முதுகெலும்பை ஒட்டியிருக்கும் ஒரு நரம்பணுவின் இழை கால் கட்டைவிரல் நுனி வரை போகிறது. ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம். குழாயில் தண்ணீர் குறைந்தால் கடைசி வீட்டுக்குத்தான் முதலில் வராமல் போகும். அதே கதைதான் இங்கும். விரலில் தொடங்கி மெல்ல மேலே ஏறும். முழங்கால் பக்கம் எட்டும் சமயத்தில் கை விரல் நுனியிலும் தொடங்கும், ஏனென்றால் நீளத்தில் அடுத்தது அது.

சர்க்கரை மட்டும்தான் காரணம் என்று நினைத்துவிட வேண்டாம். குடி ஒரு காரணம். பி12 குறைவது இன்னொன்று. சைவம் சாப்பிடுகிறவர்களுக்கும், மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல வருடம் சாப்பிடுகிறவர்களுக்கும் அது குறையும். தைராய்டு, சிறுநீரகக் கோளாறு, காசநோய் மாத்திரை, புற்றுநோய் மருந்து என்று பட்டியல் நீளம். தோலில் வெளிறிய தேமல், அந்த இடத்தில் தொட்டால் தெரியவில்லை என்றால் தொழுநோயா என்று பார்த்தே ஆக வேண்டும். அதற்கு இன்று மாத்திரை இலவசம், முழுவதும் குணமாகும். ஆனால் எண்ணிக்கையில் சர்க்கரைதான் முன்னால் நிற்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-ல் வெளிவந்தபோது நாட்டில் சர்க்கரை உள்ளவர்கள் 10 கோடியே 10 லட்சம் பேர் என்று கணக்குச் சொன்னது. அத்தனை பேருக்கும் இரண்டிரண்டு கால் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வலியைவிட வலியின்மை கொடியது என்பது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. நம் மலைக்கு வடக்கே, வேலூரில் கண்டுபிடிக்கப்பட்ட உண்மை அது. பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர், மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்து, நம் ஜவ்வாது மலை போலவே மலையாளிப் பழங்குடிகள் வாழும் கொல்லிமலையில் வளர்ந்தவர், 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். தொழுநோயாளிகளின் விரல்கள் அந்த நோயினாலேயே அழுகி விழுகின்றன என்றுதான் அப்போது உலகம் நம்பிக்கொண்டிருந்தது. அவர் உட்கார்ந்து ஒவ்வொரு காயமாகக் கணக்கெடுத்துப் பார்த்தார். சூடான பாத்திரத்தைப் பிடித்தது, துருப்பிடித்த பூட்டை விரல் கிழியத் திருகியது, செருப்பில் ஆணி இருந்ததே தெரியாமல் நாள் முழுக்க நடந்தது என்று ஒவ்வொன்றுக்கும் காரணம் கிடைத்தது. சதை தானாக அழுகவில்லை. வலி தெரியாததால் காயம் பட்டுப் பட்டுத் தேய்ந்தது.

ஆனாலும் சிலருக்கு ராத்திரி படுக்கும்போது இருந்த விரல் நுனி காலையில் இல்லை. அதற்கென்ன காரணம்? கண் விழித்துக் காவல் இருந்து பார்த்தபோது தெரிந்தது: எலி. எலி வந்து கடித்துத் தின்றிருக்கிறது, தூங்குகிறவருக்குத் தெரியவில்லை. அதற்கப்புறம் அங்கிருந்து வீட்டுக்குப் போகும் நோயாளிகளுக்குப் பூனை கொடுத்து அனுப்பும் பழக்கம் வந்தது. மருத்துவ வரலாற்றிலேயே எனக்கு மிகவும் பிடித்த மருந்துச்சீட்டு இந்தப் பூனைதான்.

அதே பிராண்ட் ஒரு முறை இங்கிலாந்து போயிருந்தபோது, ராத்திரி சாக்ஸைக் கழற்றுகையில் குதிகாலில் உணர்ச்சி இல்லை. ஊசியால் குத்திப் பார்த்தார், தெரியவில்லை. தனக்கும் தொழுநோய் வந்துவிட்டது என்று ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. காலையில் மறுபடி குத்தினார், கத்திவிட்டார். வெறும் பயணக் களைப்பில் கால் மரத்திருக்கிறது. அந்த வலிக்காகக் கடவுளுக்கு நன்றி சொன்னார். 1966-ல் அமெரிக்காவில் கார்வில் என்ற ஊரிலிருந்த தொழுநோய் மருத்துவமனைக்குப் போனபின், தொழுநோயாளியின் காலுக்குக் கற்றுக்கொண்டதையே சர்க்கரை நோயாளியின் காலுக்கும் பொருத்திக் காட்டினார். ஆக, இன்று உலகம் முழுக்கச் சர்க்கரைக்காரர்களுக்குச் சொல்லப்படும் பாதப் பராமரிப்பில் ஒரு பங்கு நம் வட்டாரத்து ஏழைகளின் பாதத்திலிருந்து கற்றது. நம் வட்டாரத்திலேயே அது பலருக்குத் தெரியாமல் இருப்பதுதான் எனக்கு வருத்தம்.

இந்த மலை வாழ்க்கையில் மரத்த காலுக்கு முதல் எதிரி நெருப்பு. மார்கழி, தை மாதக் குளிரில் விடிகாலையில் சுள்ளி கொளுத்திக் காலை நீட்டி உட்காராத வீடு இங்கே ஏது? எங்கள் தெருவுக்கு அந்தப் பக்கம் ஒரு பெரியவர், என்னைவிட இரண்டு வயது மூத்தவர், அப்படித்தான் குளிர் காய்ந்தார். மறுநாள் மருமகள் தரை பெருக்கும்போது ஈரத் தடம் தடமாக இருப்பதைப் பார்த்து, "மாமா, காலைக் காட்டுங்க" என்று பிடித்துப் பார்த்திருக்கிறாள். கொப்புளம் உடைந்து நீர் வடிந்திருக்கிறது. அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. ஐந்து மாதம் கட்டுப் போட்டு, ஒரு சுண்டுவிரலைக் கொடுத்து, மீதியை மீட்டார்கள். வெந்நீர் பையும் இதே ரகம். காலுக்குத் தண்ணீர் ஊற்றுவதற்கு முன் முழங்கையால் தொட்டுப் பாருங்கள். கையும் மரத்தவர்கள் வீட்டில் ஒரு பிள்ளையைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். குளிருக்குத் தளர்வான பருத்தி சாக்ஸ் போதும். எரிச்சலுக்கு ஐஸ் வைப்பதும் கூடாது.

இரண்டாவது எதிரி வெறுங்கால். இங்கேதான் என்மேல் சிலருக்குக் கோபம் வரும், வரட்டும். நம் மாவட்டத்துக்காரர்கள் நாம். திருவண்ணாமலை கிரிவலம் நமக்கு ரத்தத்தில் ஊறியது. 14 கிலோமீட்டர், செருப்பில்லாமல். நானும் பல பௌர்ணமி சுற்றியவன். ஆனால் பாதத்தில் உணர்ச்சி போனவர் வெறுங்காலோடு கிரிவலம் போகக் கூடாது என்பது என் தீர்மானமான கருத்து. ஒரு சின்னக் கல், ஒரு கண்ணாடிச் சில்லு போதும். மற்றவர் "அம்மா" என்று காலைத் தூக்குவார். நமக்குத் தெரியாது, அதன் மேலேயே இன்னும் பத்து கிலோமீட்டர் நடப்போம். பகலில் போனால் தார் ரோட்டுச் சூடு வேறு. "அண்ணாமலையார் பார்த்துப்பார்" என்கிறார்கள். பார்த்துக்கொள்வார்தான், அதற்காகத்தானே நமக்குக் கண்ணையும் கொடுத்திருக்கிறார்? கனமான சாக்ஸ் போட்டுக்கொண்டு போகிறவர்கள் உண்டு. முள்ளுக்கும் கண்ணாடிக்கும் சாக்ஸ் தாங்காது. செருப்போடு சுற்ற மனம் ஒப்பவில்லை என்றால் ஆட்டோவில் சுற்றலாம், ராஜகோபுரத்து வாசலில் நின்று கும்பிட்டுவிட்டு வரலாம். தீ மிதிக்கும் வேண்டுதல் வைத்திருப்பவர்களுக்கும் இதுவேதான் சொல்வேன்.

செருப்பு என்றதும் ஒரு வார்த்தை. ரப்பர் ஹவாய் செருப்பு நமக்கு உதவாது. மரத்த விரலால் அதைப் பற்றிக்கொள்ள முடியாது. வழியில் கழன்று விழுந்தாலும் தெரியாமல் நடந்து போய்விடுவோம். (இப்படி ஒற்றைச் செருப்போடு வீடு வந்து சேர்பவரைப் பார்த்தால் சிரிக்காதீர்கள், சர்க்கரை பார்க்கச் சொல்லுங்கள்.) எம்.சி.ஆர். செருப்பு என்று கேளுங்கள். மிருதுவான ரப்பர் மேலே, முள் ஏறாத கெட்டி ரப்பர் அடியில், பின்னால் வார். தொழுநோயாளிகளுக்காக நம் பக்கத்து மருத்துவமனைகளில் பழக்கத்துக்கு வந்த செருப்பு இது. "அது அந்த நோய்க்காரங்க செருப்பாச்சே" என்று ஒருவர் முகம் சுளித்தார். காலா கௌரவமா என்று கேட்டேன். வாங்கிக்கொண்டார், ஆனால் கருப்பு வார் வேண்டாம், பிரவுன் வேண்டும் என்றார். அதுவும் கிடைத்தது. வீட்டுக்குள்ளும் செருப்பு போடுங்கள். பூஜை அறைக்கு மட்டும் கழற்றினால் போதும்.

இனி வலிக்கு வருகிறேன். மரத்துப் போவதுதான் ஆபத்து என்பதற்காக எரிச்சலைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்லவில்லை. "வயசானா அப்படித்தான் இருக்கும்" என்று என்னிடம் ஒரு டாக்டர் சொன்னார். ஊர், பேர் வேண்டாம். எழுபது வயதுக் காலில் வலி என்றால் அதற்கும் வைத்தியம் பார்க்கத்தான் வேண்டும். அடுத்த டாக்டர் பார்த்தார்.

தெரிந்துகொள்ள வேண்டியது இது: மூட்டு வலிக்கும் தலைவலிக்கும் மெடிக்கல் ஷாப்பில் வாங்கும் மாத்திரைகள் நரம்பு வலிக்குப் பெரும்பாலும் கேட்காது. அதிலும் டைக்லோஃபினாக் போன்றவற்றைத் தினமும் விழுங்கினால் சர்க்கரையால் ஏற்கெனவே களைத்த சிறுநீரகம் இன்னும் கெடும். நரம்பு வலிக்கென்று வேறு மாத்திரைகள் இருக்கின்றன: அமிட்ரிப்டிலின், டுலோக்சடின், காபாபென்டின், ப்ரீகாபலின். வேடிக்கை என்னவென்றால் முதல் இரண்டும் மனச்சோர்வுக்கு வந்த மருந்து, பின் இரண்டும் வலிப்புக்கு வந்த மருந்து. சீட்டைப் படித்துவிட்டு "எனக்கென்ன பைத்தியமா?" என்று சண்டைக்குப் போகாதீர்கள். குறைந்த அளவில் தொடங்கி மெல்ல ஏற்றுவார்கள். பலன் தெரிய வாரக் கணக்கில் ஆகும். மூன்றாம் நாளே "கேக்கல" என்று நிறுத்துகிறவர்கள்தான் அதிகம். தூக்கக் கலக்கம், தலைசுற்றல் வரும். ப்ரீகாபலினில் கால் வீங்கலாம். அமிட்ரிப்டிலினில் வாய் வறளும், புராஸ்டேட் உள்ள ஆண்களுக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்ளலாம். இதையெல்லாம் டாக்டரிடம் சொல்லுங்கள். நீங்களாகச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். வலி பாதியாகக் குறைந்தால் அதுவே நல்ல வெற்றி என்று டாக்டர்கள் கணக்கு வைக்கிறார்கள். எனக்குப் பத்துக்கு எட்டாக இருந்தது இப்போது மூன்று, நான்கு. அந்த நான்கோடு நான் குறுக்கெழுத்துப் போடுகிறேன்.

"நரம்புக்குச் சத்து ஊசி" போட்டுக்கொள்வது இங்கே ஒரு மோகம். பி12 குறைவாக இருந்தால் அந்த ஊசி அருமையான மருந்து. குறையவில்லை என்றால் காசுக்குத்தான் கேடு. ரத்தத்தில் பார்த்துவிட்டுப் போடுங்கள். இன்னொன்று, பி6 அதிகமாக உள்ள மாத்திரையை மாதக் கணக்கில் சாப்பிட்டால் அதுவே நரம்பைக் கெடுக்கும். சத்துதானே என்று எண்ணி ஏமாறக் கூடாது. மிளகாயின் காரத்தைப் பிரித்தெடுத்துச் செய்த களிம்பு உண்டு, சிலருக்குக் கேட்கும்; அதற்காக வீட்டு மிளகாய்த்தூளை எண்ணெயில் குழைத்துப் பூசுவது கொப்புளத்தில்தான் முடியும்.

அப்புறம் நம் சாமை. ஜவ்வாது மலைச் சாமைக்கு நான் அடிமை. ஆனால் சாமைச் சோறு என்றால் எவ்வளவும் சாப்பிடலாம் என்பதும், மலைத்தேன் சர்க்கரையை ஏற்றாது என்பதும் சந்தையில் விற்கிறவர் சொல்லும் வைத்தியம். தேனும் ஏற்றும், பலாச்சுளையும் ஏற்றும். சர்க்கரை கட்டுக்குள் இருந்தால்தான் நரம்பு மேலும் கெடாமல் நிற்கும்.

ராத்திரிதான் பெரிய பாடு. பகலில் பேச்சும் வேலையும் வலியை மறைக்கும். விளக்கை அணைத்தால் அது மட்டும்தான் துணை. நான் கால் பக்கம் ஒரு அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து அதன்மேல் போர்வையைப் போடுகிறேன். துணி காலில் படாது. பழைய, துவைத்துத் துவைத்து மிருதுவான வேட்டி எந்தப் போர்வையையும்விட மேல். எரிச்சல் தாங்காவிட்டால் குழாய்த் தண்ணீரில் நனைத்த துணி ஐந்து நிமிடம், பிறகு விரலிடுக்கு ஈரமில்லாமல் துடைத்துவிடுவேன். தலைமாட்டில் டார்ச். மரத்த பாதத்துக்குத் தரை தெரியாது, கண்தான் அதற்குப் பதில். இருட்டில் அந்தக் கண்ணும் போய்விடுகிறது. முகம் கழுவக் கண்ணை மூடும்போது தள்ளாடுவதும் இதனால்தான். ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

சாயங்காலம் படகுத் துறை ஏரி வரை நடந்துவிட்டு வருவேன். நடந்தால் வலி கூடும் என்று பயந்தேன், கூடவில்லை, தூக்கம்தான் கூடியது. புண் இருக்கும் நாளில் மட்டும் நடை இல்லை. இதில் ஒரு எச்சரிக்கை: ஒரு பாதம் மட்டும் வீங்கி, சிவந்து, தொட்டால் சூடாக இருந்து, ஆனால் வலி அவ்வளவாக இல்லை என்றால் அன்றே காலை ஊன்றாமல் மருத்துவமனைக்குப் போங்கள். உள்ளே எலும்பு நொறுங்கிக்கொண்டிருக்கலாம். ஷார்கோ பாதம் என்று பெயர். பாரிஸ் சால்பெத்ரியேர் மருத்துவமனையில் இருந்த பெரிய டாக்டரின் பெயர் அது. நம் ஊரில் 'சார்காட்' என்கிறார்கள், எப்படிச் சொன்னாலும் போய்க் காட்டினால் சரி.

வீட்டில் செய்யக்கூடிய ஒரு சோதனை சொல்கிறேன். இங்கிலாந்தில் இப்ஸ்விச் என்ற ஊர் மருத்துவர்கள் வகுத்தது, செலவு ஒன்றுமில்லை. கண்ணை மூடிக்கொள்ளுங்கள். வீட்டில் ஒருவர் உங்கள் இரண்டு கால்களிலும் கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல் ஆகியவற்றின் நுனியை, அழுத்தாமல், தட்டாமல், ஒன்றிரண்டு நொடி மெல்லத் தொடட்டும். தெரிந்தால் "ம்" சொல்லுங்கள். ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் பாதம் ஆபத்துப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. அதன் பிறகு தினமும் ராத்திரி பாதத்தைப் பார்க்க வேண்டும். குனிய முடியாதவர்கள் முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்கலாம். எனக்கு என் பேத்தி பார்க்கிறாள். கால் ஆணியை பிளேடால் சீவுவது, பித்த வெடிப்பில் கண்டதைப் பூசுவது எல்லாம் அவள் சட்டத்தில் கிடையாது.

தனியாக இருக்கும் கிழவன் கிழவிகளுக்கு யார் பார்ப்பது? 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' சர்க்கரை மாத்திரையையும் பி.பி. மாத்திரையையும் வீட்டுக்கே கொண்டுவருகிறது; நம்மைப் போன்ற மலைக்காரர்களுக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்று போளூருக்குப் பஸ் ஏறி இறங்கினவர்களுக்குத் தெரியும். 'பாதம் பாதுகாப்போம்' என்று சர்க்கரைக்காரர்களின் காலுக்கென்றே தனித் திட்டமும் அரசு கொண்டுவந்திருக்கிறது. இரண்டையும் சேர்த்து, மாத்திரை கொடுக்க வரும் பெண் அந்த ஆறு விரலையும் தொட்டுப் பார்த்துவிட்டுப் போகட்டும், உணர்ச்சி இல்லாதவர்களுக்கு எம்.சி.ஆர். செருப்பு மலையிலேயே கிடைக்கட்டும் என்பது என் கோரிக்கை. இந்த மலையின் கடைசிக் குக்கிராமம் வரை அது போக வேண்டும். மனு எழுதுவது எனக்குப் பழகிய வேலை. அக்டோபர் 2 கிராம சபையில் கொடுப்பதற்காக எழுதி வைத்திருக்கிறேன், ஒரு பக்கம்தான். கையெழுத்தோ கைநாட்டோ போட விருப்பமுள்ளவர்கள் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வாருங்கள், அதற்கு முன்னால் நான் ஏரிப் பக்கம் நடந்துகொண்டிருப்பேன்.